விலை குறைந்த காருக்குத் தவணை ஏன் அதிகம்? லீஸ் செடான் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: இரண்டு சொகுசு செடான்கள் பார்த்தேன். ஒன்று விலை பத்து சதவீதம் குறைவு. ஆனால் லீஸ் தவணை அதற்குத்தான் அதிகம். கணக்குப் பிழையா, ஏமாற்றா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. லீஸ் என்றால் காரைச் சில ஆண்டுக்கு வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பது. அதில் நீங்கள் காரின் முழு விலையைக் கட்டுவதில்லை. உங்களிடம் இருக்கும் காலத்தில் அதன் மதிப்பு எவ்வளவு குறைகிறதோ அதைக் கட்டுகிறீர்கள், கூடவே வட்டி.

போட்டே பார்த்துவிடலாம். முதல் காரின் பட்டியல் விலை 100 என்று வையுங்கள். பேரம் பேசி 94-க்கு இறக்கிவிட்டீர்கள். 36 மாதம் கழித்து அதன் மதிப்பு, அதாவது எஞ்சிய மதிப்பு, 58 என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. தேய்மானம் 36, அதாவது மாதத்துக்கு 1. ஆண்டு வட்டி 6 சதவீதம் என்றால், 94-க்கும் 58-க்கும் சராசரியான 76-க்கு மாதம் 0.38 சேரும். மொத்தம் 1.38.

இரண்டாவது கார் 90. தள்ளுபடி கிடையாது. மூன்று ஆண்டு கழித்து பாதி, 45-தான் தேறும். மாதத் தேய்மானம் 1.25, வட்டி 0.34, மொத்தம் 1.59. மலிவான கார்தான் உங்களுக்குச் செலவு அதிகமான கார்.

எஞ்சிய மதிப்பைப் பெரும்பாலும் பட்டியல் விலையின் சதவீதமாக வைப்பார்கள். நீங்கள் பேரம் பேசுவதால் அது இறங்காது. ஆகவே குறைக்கும் ஒவ்வொரு காசும் தேய்மானக் கணக்கிலிருந்து நேராகக் கழியும். லீஸ்தானே, பேரம் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். “மாதம் எவ்வளவு கட்ட முடியும், சொல்லுங்கள்” என்று விற்பனையாளர் கேட்டால் சிரித்துவிட்டு மூன்று எண்களைக் கேளுங்கள்: இறுதி விலை, எஞ்சிய மதிப்பு, வட்டி. சில ஊர்களில் வட்டியை 0.0025 மாதிரி ஒரு குட்டி எண்ணாகச் சொல்வார்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். 2400-ஆல் பெருக்குங்கள், 6 சதவீதம் வந்துவிடும்.

கேள்வி: கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பெரிய முன்பணம் கொடுத்துத் தவணையைக் குறைக்கலாமா?

வேண்டாம். கார் மூன்றாவது மாதமே திருடு போனாலோ, விபத்தில் சரிசெய்ய முடியாமல் நொறுங்கினாலோ, காப்பீட்டுத் தொகை காரின் சொந்தக்காரரான லீஸ் நிறுவனத்துக்குப் போகும். உங்கள் முன்பணம் திரும்பி வருவது சந்தேகம்தான். அந்தப் பணத்தை வங்கியில் போட்டு அதிலிருந்தே தவணை கட்டுங்கள். அப்புறம், காப்பீடு தரும் தொகைக்கும் லீஸ் பாக்கிக்கும் நடுவே விழும் பள்ளத்தை நிரப்பும் பாதுகாப்பு உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியாக எடுங்கள்.

கேள்வி: மெர்சிடிஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், லெக்சஸ் இஎஸ். மூன்றில் எது? “பத்து வருடம் ஓடும், லெக்சஸ் எடு” என்கிறார் அண்ணன்.

அண்ணன் சொல்வது வாங்குபவருக்கான அறிவுரை. நீங்கள் மூன்று வருடத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள். எட்டாவது வருடத்தில் எந்தக் கார் தொல்லை தரும் என்பது உங்களுக்குப் பின்னால் வருபவரின் கவலை. ஆனால் அந்த நல்ல பெயரால் பழைய கார் சந்தையில் மதிப்பு நின்றால், எஞ்சிய மதிப்பு உயர்ந்து உங்கள் தவணை குறையலாம். அந்த அளவுக்கு அண்ணன் சரி.

மற்றபடி, தினமும் உட்காரப் போகிறவர் யார் என்று பாருங்கள். இப்போதைய இ-கிளாஸும் 5 சீரிஸும் 2023-இல் அறிமுகமானவை. நீங்களே ஓட்டுவதென்றால், ஓட்டும் சுகத்துக்கு என் ஓட்டு 5 சீரிஸுக்கு. ஆனால் அது 5 மீட்டரைத் தாண்டிய நீளம், வீட்டு நிறுத்துமிடத்தை அளந்துவிட்டுப் போங்கள். அதில் பொத்தான்களையும் குறைத்துவிட்டார்கள். ஏசியைக் கூட்டிக் குறைப்பதற்குக்கூடத் திரையையோ தொடுபட்டையையோ தேட வேண்டியிருப்பது எனக்கு எரிச்சல். சோதனை ஓட்டத்தில், வண்டி நிற்கும்போதே, ஏசியையும் கண்ணாடி ஈரத்தைப் போக்குவதையும் நீங்களே இயக்கிப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விற்பனையாளர் செய்து காட்டுவது கணக்கில் வராது.

இ-கிளாஸ் எடுத்தால் ஒரு எச்சரிக்கை. சாதாரண மாடலில் டிக்கி 540 லிட்டர். எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள, சார்ஜ் போடும் ஹைபிரிடில் பேட்டரி இடத்தைத் தின்றுவிட, மிஞ்சுவது 370 லிட்டர். இரண்டு பெரிய பெட்டிகளோடு விமான நிலையம் போகிறவர் இதை விலைப்பட்டியலில் கவனிக்க மாட்டார், விமானத்தைப் பிடிக்கும் அன்றுதான் கவனிப்பார்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பின் இருக்கைதான் முக்கியம். எப்படிச் சோதிப்பது?

அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். செடானில் இருக்கை தாழ்வு. உட்காருவதைவிட எழுந்து வெளியே வருவதுதான் கஷ்டம், அதை நான்கைந்து முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கதவு முழுக்கத் திறக்க இடமில்லாத ஒரு சுவரோரத்திலும் ஒருமுறை. பிறகு இருபது நிமிடம் பின்னால் உட்கார்ந்தபடி பயணம். தொடைக்குக் கீழே இருக்கை தாங்குகிறதா, முழங்கால் மேலெழும்பி நிற்கிறதா என்று நீங்கள் கவனியுங்கள். “பரவாயில்லப்பா” என்றுதான் அம்மா சொல்வார்கள், நம்பாதீர்கள். சில சந்தைகளில் நீளமான வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) மாடல்கள் கிடைக்கின்றன. கால் நீட்ட அருமை. ஆனால் இருக்கையின் உயரத்தை அது மாற்றாது.

கேள்வி: 21 அங்குல சக்கரம் அழகாக இருக்கிறது. எடுக்கலாமா?

சக்கரம் பெரிதாக ஆக டயரின் ரப்பர் பக்கம் மெலியும். குழியின் அடி நேராக முதுகுக்கு வரும், சக்கர விளிம்பு நடைபாதைக் கல்லில் உரசும். நான் ஒருமுறை காரைத் திருப்பிக் கொடுத்தபோது மூன்று சக்கரங்களில் விளிம்புக் கீறல். பரிசோதகர் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். பில் வந்தபோது ஒரு மாதத் தவணையைவிடச் சற்று அதிகம். வெளியே பழுதுபார்ப்பவரிடம் முன்பே கொடுத்திருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு நான் எடுப்பதெல்லாம் 18 அல்லது 19.

கேள்வி: மின்சாரச் செடானை லீஸில் எடுப்பது புத்திசாலித்தனமா?

வாங்குவதைவிட லீஸ் பாதுகாப்பு. மின்சாரக் கார்களின் தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது, புதுக் கார்களின் விலை இறங்கினால் பழைய கார்களின் விலையும் சரிகிறது. அந்தச் சரிவு லீஸ் நிறுவனத்தின் தலையில் விழட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: காரைத் திருப்பிக் கொடுத்ததும் கணக்கு முடிகிறதா, அல்லது சந்தை விலை குறைந்தால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டுமா? இரண்டாவது வகை என்றால் நான் சொன்ன பாதுகாப்பு எதுவும் கிடையாது.

5 சீரிஸின் மின்சார வடிவமான பிஎம்டபிள்யூ ஐ5 போன்ற காரை வீட்டில் இரவு சார்ஜ் போட வசதி இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் வாரம் ஒருமுறை சார்ஜரைத் தேடி அலைவீர்கள், சொகுசு அங்கேயே போய்விடும்.

கேள்வி: 36 மாதமா, 48 மாதமா?

உத்தரவாதம் எத்தனை ஆண்டோ அத்தனைதான். அதைத் தாண்டிய லீஸில், திருப்பிக் கொடுக்கப் போகும் காருக்கு நீங்கள் பழுதுச் செலவு செய்வீர்கள்.

கேள்வி: ஆண்டுக்கு எவ்வளவு தூரம் என்று எழுதுவது?

கடந்த ஆண்டு உங்கள் பழைய கார் உண்மையில் எவ்வளவு ஓடியது என்று மீட்டரைப் பாருங்கள். அனுமானம் வேண்டாம். ஒப்பந்தத்தில் எழுதிய தூரத்தைத் தாண்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கடைசியில் தனிக் கட்டணம் உண்டு, முன்கூட்டியே கூடுதல் தூரம் கேட்டு வாங்கினால் வழக்கமாக மலிவு. ஓடாமல் மிச்சம் வைத்தால் பெரும்பாலும் பணம் திரும்பாது.

கேள்வி: கறுப்பா, வெள்ளையா?

கறுப்பில் கழுவிய துணியின் வட்டக் கோடுகூடத் தெரியும். டார்ச் வைத்திருக்கும் பரிசோதகரை நினைத்துக்கொண்டு நான் வெள்ளி நிறத்தை எடுத்தேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.