முதலில் உங்கள் சங்கத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள்

கேள்வி: ஐயா, வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். விநியோகஸ்தரிடம் நான் கொள்முதல் செய்கிற விலைக்கும் கீழே அதே மாடல் மிக்சி ஆன்லைனில் விற்கிறது. போதாக்குறைக்கு, வேறு கம்பெனி சரக்கை வைத்தால் சப்ளையை நிறுத்திவிடுவோம் என்று மிக்சி கம்பெனி மிரட்டுகிறது. எங்கள் வியாபாரிகள் சங்கம் கூடி, அந்தக் கம்பெனி சரக்கை யாரும் எடுக்கக் கூடாது, மற்ற மிக்சிகளை எல்லாரும் ஒரே விலைக்குத்தான் விற்க வேண்டும், மீறினால் அபராதம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. நாங்கள் வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் இந்தத் தீர்மானத்தை வைத்துக்கொண்டு போடாதீர்கள். கம்பெனி செய்வது தவறு என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். நீங்கள் செய்திருப்பதையோ, போட்டிக்குக் கேடு என்று சட்டமே முதலில் அனுமானித்துக்கொள்ளும். போட்டிச் சட்டம், 2002-இன் 3(3) பிரிவு அப்படி. ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடிப் பேசி விலை வைத்தால், சரக்கை மறித்தால் அதில் சிக்குவார்கள். சின்னக் கடைக்காரர் என்று விலக்கு கிடையாது. மருந்து வணிகர் சங்கங்கள் பட்ட பாடு தெரிந்திருக்கும்: சங்கத்தின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) இல்லாமல் புதிய ஸ்டாக்கிஸ்ட், அதாவது மொத்த விற்பனையாளர், வரக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2013-இல் அகில இந்தியச் சங்கத்துக்கே அபராதம் விதித்தது. வேறு சில வழக்குகளில் நிர்வாகிகளே கைக்காசு கட்ட வேண்டி வந்தது.

உங்கள் மினிட் புத்தகத்தில் தேதி, கையெழுத்து, அபராதத் தொகை எல்லாம் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். கேட்காமல் இருந்ததே இல்லை. கிழிக்காதீர்கள். உடனே கூட்டம் கூட்டி ரத்துத் தீர்மானம் போடுங்கள். யாரிடமாவது அபராதம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுங்கள்.

இனி கம்பெனி விஷயம். 'எங்கள் சரக்கு மட்டும்' என்ற கட்டாயம் 3(4) பிரிவில் வரும். அதனால் சந்தையில் போட்டி கெடுகிறது என்று காட்ட வேண்டும். உங்கள் ஒரு கடையின் நஷ்டம் மட்டும் போதாது. எத்தனை கடைகளுக்கு இதே மிரட்டல் வந்தது என்று தொகுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் அந்த போனையும் பத்திரமாக வையுங்கள்.

ஆன்லைன் விலைதான் கடினமான பகுதி. மலிவாக விற்பது குற்றமல்ல. ஆதிக்க நிலையில் இருப்பவர் போட்டியாளரை ஒழிக்க அடக்க விலைக்கும் கீழே விற்றால்தான் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் வரும். பெங்களூரு டாக்சி வழக்கில் 2017-இல் ஓலா தப்பியது, அதற்கு ஆதிக்க நிலை இல்லை என்று ஆணையம் சொன்னதால்தான். மாறாக 2011-இல், ஒரு வகை வர்த்தகத்துக்குக் கட்டணமே வாங்காமல் போட்டியாளரை நெருக்கிய தேசியப் பங்குச் சந்தைக்கு 55.5 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. டெல்லி வியாபாரிகள் அமைப்பு ஒன்று கொடுத்த புகாரில் 2020 ஜனவரியில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவானது. தடுக்க அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை. அந்தப் புகாரில் தள்ளுபடி மட்டும் இல்லை. குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்குக் காட்டிய சலுகையும், ஒரு தளத்தில் மட்டும் போன் வெளியிடும் ஏற்பாடும் இருந்தன. உங்கள் கொள்முதல் பில்லையும், அதே தேதியில் ஆன்லைனில் ஒன்று வாங்கி அந்தப் பில்லையும் சேர்த்து வையுங்கள். அதில் விற்றவர் பெயர்தான் முக்கியம்.

புகாரைச் சங்கத்தின் பெயரிலேயே ஆணையத்தில் கொடுக்கலாம். தனியாகக் கொடுத்தால், பெயரை ரகசியமாக வைக்கும்படி எழுதிக் கேட்கலாம். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். சிவில் நீதிமன்றம் இதை எடுக்காது. மறுவிற்பனைக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்திலும் நிற்காது.

வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அதுவரை, கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்து மொத்தமாகக் கொள்முதல் பண்ணலாமா என்று யோசியுங்கள். செலவு குறைந்து திறன் கூடுகிற கூட்டு முயற்சிக்கு 3(3)-லேயே விலக்கு உண்டு. கொள்முதல் மட்டும் கூட்டு. விற்பனை விலையை அவரவர் கடையில் அவரவரே எழுதட்டும்.