நண்பனை இழந்த மகனும் ஒரு ஜப்பானியத் தொடரும்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். எட்டு மாதங்களுக்கு முன் அவனுடைய நெருங்கிய நண்பன் இருசக்கர வாகன விபத்தில் இறந்துவிட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். விபத்துக்கு முதல் நாள் இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று இன்னொரு பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மகன் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சாவு வீட்டிலும் அழவில்லை. ஆனால் ‘அனோஹனா’ என்ற ஜப்பானியப் பொம்மைப் படத் தொடரை இரவில் தனியாக உட்கார்ந்து பார்த்து அழுகிறான். இது நான்காவது முறை என்று அவன் தங்கை சொல்கிறாள். செத்துப்போன பெண் பேயாக வரும் கதையாம். படிப்பு கெடுகிறது என்று அவன் அப்பா போன வாரம் கைப்பேசியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். “நடந்தது நடந்துபோச்சு, விட்டுத்தள்ளு” என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எட்டு மாதம் போதாதா? இதை எப்படி நிறுத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த பிறகு அந்தத் தொடரை இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தேன். மொத்தம் 11 அத்தியாயங்கள். நாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் பின்னிரவில் ஒளிபரப்பானது. நீளமான அதன் முழுப் பெயருக்கு, ‘அன்று நாம் கண்ட பூவின் பெயர் நமக்கு இன்னும் தெரியாது’ என்று பொருள். உங்கள் மகனுக்கு இதைத் தடை செய்யவேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைச் சொல்ல, கதையின் முடிவையும் சொல்லியாக வேண்டும். இன்னும் பார்க்காத வாசகர்கள் பொறுத்தருள்க.

தோக்கியோவுக்கு வடமேற்கே, மலைகள் சூழ்ந்த சிச்சிபு என்ற ஊரில் ஆறு சிறுவர் சிறுமியர் ஒரு குழுவாக இருந்தார்கள். அவர்களில் மென்மா என்ற சிறுமி ஆற்றில் தவறி விழுந்து இறந்துபோக, மீதி ஐவரும் சொல்லிக்கொள்ளாமலேயே பிரிந்துவிடுகிறார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, பள்ளிக்குப் போகாமல் வீட்டில் அடைந்து கிடக்கும் ஜிந்தா என்ற பையனின் முன்னால் மென்மா வளர்ந்த பெண்ணாக வந்து நின்று, தன் ஆசை ஒன்றை நிறைவேற்றித் தரும்படி கேட்கிறாள். அது என்ன ஆசை என்பது அவளுக்கே நினைவில்லை. அவனைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரிவதில்லை. பேய்க் கதை என்று நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான், ஆனால் பயமுறுத்தும் காட்சி ஒன்றுகூட இதில் கிடையாது.

உங்கள் மகன் திரும்பத் திரும்பப் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பெண்ணை அல்ல, மீதமுள்ள ஐவரையே என்று எனக்குத் தோன்றுகிறது. மென்மா இறந்த அன்று, “உனக்கு அவளைப் பிடிக்குமா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டபோது, ஜிந்தா கூச்சத்தில் “இந்த அவலட்சணத்தையா?” என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிட்டான். மறுநாள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். மறுநாள் அவள் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவள் தான்தான் என்று அனரு என்ற பெண் உள்ளுக்குள் குமைகிறாள். மென்மா ஆற்றோடு போனதைக் கண்ணால் கண்டும் எதுவும் செய்ய முடியாமல் நின்ற போப்போ, ஊர் ஊராகச் சுற்றிச் சிரித்துக்கொண்டே திரிகிறான். வகுப்பில் முதலிடம் பெறும் யுக்கியாட்சு என்பவனோ, மென்மா உடுத்தியதைப் போன்ற வெள்ளை உடையும் பொய்முடியும் அணிந்துகொண்டு இரவில் காட்டுக்குள் அலைகிறான். அந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடுத்த நிமிடமே சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். சண்டை போட்ட மறுநாள் நண்பனைப் பறிகொடுத்த பையன் உங்கள் வீட்டிலும் இருக்கிறான், சகோதரி. அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை அந்தப் படத்தில் வேறொருவன் அவனுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அடுத்து, சாவு வீட்டில் அவன் அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிந்தாவும் அழாதவன்தான். நோயில் கிடந்த அவனுடைய தாய், தான் போய்விடுவோம் என்று தெரிந்தபோது, அழுகையை அடக்கிக்கொண்டே தன் மகன் வளர்ந்துவிடுவானோ என்று சிறுமி மென்மாவிடம் கவலைப்படுகிறாள்; அவனை அழவைக்கிறேன் என்று மென்மா அவளுக்கு வாக்குக் கொடுக்கிறாள். கடைசியில் தெரியவரும் அந்த ஆசை இவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தில் ஐவரும் சேர்ந்து கதறும் கதறல் எனக்குச் சற்று மிகையாகவே பட்டது. ஆனால் பதினேழு வயதுப் பையனுக்கு அது மிகையாகப் படாது. எட்டு மாதம் கழித்தாவது உங்கள் மகன் அழுகிறான் என்பதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

இனி, உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. சிச்சிபுவில் யோஷிதா என்ற பகுதியில் ஆண்டுதோறும் அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று, கிராமத்தார் தாங்களே செய்த பெரிய வாணங்களை விண்ணில் செலுத்தும் கோயில் விழா ஒன்று உண்மையிலேயே நடக்கிறது. அப்படி ஒரு வாணம் விடுவதுதான் மென்மாவின் ஆசை என்று எண்ணி, நண்பர்கள் வேலைக்குப் போய்ப் பணம் சேர்க்கிறார்கள். பெரியவர்களிடம் கெஞ்சி, எதிர்ப்புகளைத் தாண்டி வாணத்தை விடுகிறார்கள். வாணம் அழகாக மேலே போகிறது, ஆனால் மென்மா போகவில்லை, அங்கேயே நிற்கிறாள். அன்றிரவு அவர்கள் ஒருவருக்கொருவர் உண்மையை ஒப்புக்கொள்கிறார்கள்: அவளுக்கு நற்கதி கிடைக்கட்டும் என்று வாயால் சொன்னாலும், ஒருவன் பொறாமையால், ஒருத்தி காதலால், இன்னொருவன் தன் குற்ற உணர்விலிருந்து தப்பிக்க என்று, ஒவ்வொருவரும் தத்தம் நலனுக்காகவே அவளை அனுப்பிவைக்க அவசரப்பட்டிருக்கிறார்கள்.

“விட்டுத்தள்ளு” என்று நீங்கள் மகனிடம் சொன்னபோது, அது யாருடைய நிம்மதிக்காகச் சொல்லப்பட்டது? உங்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்காத எந்தத் தாயும் சொல்லக்கூடிய சொல்தான் அது. ஆயினும் அந்தச் சொல் அவன் காதில், ‘என் முன்னால் அழாதே’ என்றுதான் விழுந்திருக்கும். அதனால்தான் அவன் இரவையும் தனிமையையும் தேடிப் போயிருக்கிறான். நம் வழக்கத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சாவு வீட்டில் பங்காளிக்கு ஒரு முறை உண்டு, மாமன் மச்சானுக்கு ஒரு முறை உண்டு. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. நண்பனுக்குத் தீட்டும் கிடையாது, முறையும் கிடையாது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போகவேண்டியதுதான். எட்டு மாதம் போதாதா என்று கேட்கிறீர்கள். அவனைப் பொறுத்தவரை துக்கம் கொண்டாடுவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

ஆகவே, இந்த வாரக் கடைசியில் முதல் அத்தியாயத்திலிருந்து அவனோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். பார்க்கும்போது விளக்கம் கேட்காதீர்கள், அவன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். “அந்தப் பையன் அன்று அப்படிச் சொல்லிவிட்டு ஓடியது பாவம்” என்பது போல ஜிந்தாவைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். தன்னைப் பற்றிப் பேச முடியாதவர்கள் பலருக்கு ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிப் பேச முடியும். ஒருநாள் அந்தச் சண்டையைப் பற்றி அவனாகவே சொன்னால், “அதனால் ஒன்றுமில்லை” என்று அவசரப்பட்டு அடைத்துவிடாமல் முழுவதும் கேளுங்கள். நண்பனிடம் சொல்ல நினைத்ததை எழுதி வைத்துக்கொள்ள விரும்பினால் எழுதட்டும், அதை எடுத்துப் படிக்காதீர்கள்.

படிப்பைப் பற்றிய உங்கள் கணவரின் கவலை நியாயமானதே. இந்தத் தொடரை எழுதிய மாரி ஒக்காதா அதே சிச்சிபுவில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் பல ஆண்டுகள் பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கிக் கிடந்ததைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். கதையில் ஜிந்தாவின் தந்தை, பள்ளிக்குப் போகாத மகனை ஒருமுறைகூட விரட்டுவதில்லை. அவன் கடைசியில் தானாகவே பள்ளிக்குத் திரும்புகிறான். கதையில் நடப்பது பொதுத் தேர்வு ஆண்டில் அப்படியே நடந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். எனவே வகுப்பு ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி வைப்பதும், இரவு இத்தனை மணிக்குமேல் பார்ப்பதில்லை என்று அவனோடு பேசி முடிவுசெய்வதும் நல்லது. ஆனால் ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து குறைந்தாலோ, “நானும் அவனோடு போயிருக்கலாம்” என்பதுபோல் பேசினாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண்ணான 14416இல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

நண்பனின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவன் ஒருநாள் கேட்கக்கூடும். தடுக்காதீர்கள், ஆனால் முதலில் நீங்கள் மட்டும் போய் அந்தத் தாயைப் பார்த்துவிட்டு வாருங்கள். தொடரில் மென்மாவின் தாய் அந்த நண்பர்களைப் பார்த்து, நீங்கள் எல்லோரும் வளர்ந்து நிற்கும்போது என் மகள் மட்டும் ஏன் அப்படியே நின்றுவிட்டாள் என்று வெடிக்கும் இடம் ஒன்று உண்டு; பிள்ளையைப் பறிகொடுத்தவர் வாயிலிருந்து அப்படிச் சொல் வந்தால் உங்கள் மகன் அதைத் தனியாகத் தாங்கிக்கொள்ளும்படி விட்டுவிடக் கூடாது. அந்தத் தாய் வரச் சொன்னால் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

பீரோவில் பூட்டிவைத்த கைப்பேசியை இன்றே எடுத்துவிடுங்கள். அதைப் பிடுங்கியவர் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.