8 மாசம், 6.4 கிலோ: குறைமாச பாப்பாவுக்கு வெயிட் ஏத்தணுமா?

கேள்வி: 30 வாரத்துல 1.3 கிலோவுல பிறந்த பொண்ணு, இப்ப 8 மாசம், 6.4 கிலோ. கன்னமும் வயிறும் குண்டா இருக்கு, கை கால் மட்டும் ஒல்லி. வளர்ச்சி சார்ட்ல அடிக்கோட்டுகிட்ட நிக்கிறா. ஃபார்முலா பால கொஞ்சம் கெட்டியா கரைச்சு குடுக்கலாமா?

முதல்ல அந்த ஐடியாவ விட்ருங்க. டப்பால போட்ட அளவுதான் அளவு. கெட்டியானா உப்பும் புரோட்டீனும் கூடி கிட்னிக்கு வேலை ஜாஸ்தி, மலச்சிக்கல் வேற.

அடுத்து சார்ட். பாப்பா 10 வாரம் முன்னாடியே வந்துட்டா, அத கழிச்சா அவளோட திருத்தின வயசு அஞ்சரை மாசம் சொச்சம்தான். உலக சுகாதார நிறுவன சார்ட்ல அந்த வயசு பொண்ணுக்கு நடுக்கோடு 7 கிலோ சொச்சம், அப்போ 6.4ங்கிறது நார்மலுக்குள்ளயே வருது. 2 வயசு வரைக்கும் இப்டி கழிச்சுதான் பாக்கணும்.

இப்ப அந்த ஒல்லி கை கால் விஷயம். வயித்துல இருக்குற கடைசி 3 மாசத்துலதான் குழந்தைக்கு கொழுப்பு வேகமா சேரும், அது சேர்றதுக்குள்ள குறைமாச குழந்தைங்க வெளிய வந்துடுறாங்க, வந்தப்புறம் கொழுப்பு சீக்கிரம் ஏறிடுது, தசையும் நீளமும் பின்தங்கிடுது. அதனால டியூ டேட் வர்றப்போ வெயிட் கம்மியா இருந்தாலும் உடம்புல கொழுப்பு சதவீதம் நிறைமாச குழந்தைய விட கூடவே இருக்கும். அடுத்த சில மாசத்துல அந்த சதவீதம் பெரும்பாலும் சமமாகிடும், தசைக்குதான் இன்னும் டைம் ஆகும். நீங்க கண்ணால பாக்குறதும் அநேகமா இதுவாதான் இருக்கும், நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது.

வெறும் கிலோவ மட்டும் துரத்துனா ஏறுறது கொழுப்பா தசையான்னே தெரியாது, வீட்டு மெஷின் அதச் சொல்லாது (குழந்தைக்கு கொழுப்பு அளக்குறேன்னு சொல்ற தராசு எதையும் வாங்காதீங்க). நான் பாக்குறது நீளமும் தலை சுத்தளவும்தான். நீளத்த ரெண்டு பேர் சேர்ந்து போர்டுல படுக்க வச்சு அளக்கணும், டேப்ல அளந்தா தப்பாதான் வரும். நீளம் கோட்ட ஒட்டியே ஏறுதுன்னா சந்தோஷம், வெயிட் மட்டும் எகிறி நீளம் நின்னுச்சுன்னா அது நல்ல வளர்ச்சி கிடையாது.

பசிக்கு கேக்குறப்ப குடுங்க, மூஞ்ச திருப்புனா நிறுத்துங்க. தல நல்லா நிக்குதுன்னா டாக்டர்ட்ட கேட்டுட்டு திட உணவு ஆரம்பிக்கலாம். அயர்ன் சொட்டு மருந்த நீங்களா நிறுத்தாதீங்க, குறைமாச குழந்தைங்க அயர்ன் சேமிப்பு கம்மியாதான் கொண்டு வருவாங்க. முழிச்சிருக்கும்போது தரையில குப்புற போட்டு கூடவே உக்காந்து விளையாட விடுங்க, தசைக்கு அதான் வேலை.

சார்ட்ல ரெண்டு கோடு இறங்குனாலோ, தல சுத்தளவு திடீர்னு ஏறுனாலோ, ஏறாம நின்னாலோ, பால் குடிக்கறப்ப வேர்த்து மூச்சு வாங்குனாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம குழந்தை டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க.