ஐஸ் ஹொக்கியில் ரசிகர் கூச்சல் சொந்த அணிக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் ஆடுகிற பொடியளை விட, விசில் வைத்திருக்கிற நடுவரில்தான் அது கூடுதலாக வேலை செய்யும் என்பது என் கருத்து. ஐஸ் ஹொக்கியை நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் அனுப்புகிற வீடியோக்களில் மட்டும் கண்டவன். ஆனால் ஒட்டுசுட்டான் பக்கத்தில் எட்டு வருசம் உதைபந்தாட்டத்துக்கு விசில் ஊதியிருக்கிறேன்.

ஒரு இறுதியாட்டம். உள்ளூர்க் கழகம் ஒரு கோல் முன்னுக்கு, முடிய ஐந்து நிமிசம். வெளியூர்ப் பொடியன் பந்தோடு கோலடிக்குள் நுழைய, பின்னால் வந்தவன் அவனுடைய குதிக்காலில் தட்டினான். வடிவாகக் கண்டேன். விசில் வாயில். அதற்குள் வேலியோரம் முழுக்க "நடிக்கிறான், நடிக்கிறான்!" என்று ஒரே ஊளை. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் வேறு "அருமையான தடுப்பு" என்கிறார் (அவரும் அந்த ஊர்தான்). கையை விரித்து, விளையாடுங்கோ என்று காட்டிவிட்டேன். ஒருவரும் என்னை மிரட்டவில்லை. கண்ணால் கண்டதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

2002இல் வெளியான ஒரு ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்து உதைபந்தாட்டம் ஒன்றின் 47 மோதல்களை 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குக் கூச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். கூச்சல் கேட்டவர்கள் கூடுதலாகத் தடுமாறினார்கள், சொந்த அணிக்கு எதிராக 15 வீதமளவு குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள்.

ஐஸ் ஹொக்கியில் இது இன்னும் உறைக்கும். சின்னக் குற்றத்துக்கே ஒருவன் 2 நிமிசம் வெளியே குந்த வேண்டும்; அதுவரை ஐந்து பேருக்கு எதிராக நாலு பேர். ஊதாமல் விட்ட ஒரு விசில் அவ்வளவு பெறும்.

ஆனால் எல்லாவற்றையும் கூச்சலின் தலையில் கட்டவும் ஏலாது. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கித் தொடரான என்.எச்.எல். விதிப்படி ஆட்டம் நிற்கும்போது வெளியூர் அணிதான் முதலில் ஆள் மாற்ற வேண்டும். யார் இறங்குகிறான் என்று பார்த்துவிட்டுச் சொந்த அணி தன் ஆட்களை இறக்கும். 2020இல் கொரோனாவால் ரொறன்ரோவிலும் எட்மன்டனிலும் வெறும் அரங்கில் ஆடியபோதும், ஒரு அணியைச் "சொந்த அணி" என்று வைத்து அந்த உரிமையைக் கொடுத்தார்கள். மச்சானின் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸுக்கோ உரிமையும் இருக்கிறது, கத்த ஆட்களும் இருக்கிறார்கள். 1967க்குப் பிறகு கிண்ணம்தான் இல்லை.

அன்றைக்குக் குதிக்காலில் தட்டு வாங்கிய பொடியன் இப்போது பரந்தனில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். என்னுடையதும் அவனிடம்தான் போகும். செயின் இறுக்கும்போதெல்லாம் நிமிராமலே கேட்பான்: "அண்ணை, அது பெனால்டிதானே?"