வாசகர் கேள்வி பதில்: புது காருக்குக் காய்ந்த துணி ஆகாது

கேள்வி: கறுப்பு நிறத்தில் புது கார் எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது சார். தினமும் காலையில் வாட்ச்மேன் அண்ணன் துணியால் துடைத்து வைத்துவிடுவார். இப்போது வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். இனிமேல் நானே வீட்டில் கழுவலாம் என்று இருக்கிறேன், இதுவரை எந்த வண்டியையும் கழுவிப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகர், மதுரை)

பதில்: முதல் வேலையாக அந்தத் தினசரித் துடைப்பை நிறுத்துங்கள். அவர் மேல் தப்பே இல்லை, ஒரு பக்கெட் தண்ணீரையும் ஒரு துணியையும் வைத்துக்கொண்டு வரிசையாகப் பத்து வண்டியைத் துடைக்கிற மனிதர், முதல் வண்டியின் மண் பத்தாவது வண்டிக்கும் போகத்தான் செய்யும். காரின் கலர் பெயின்ட்டுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் அடித்திருப்பார்கள். அதன் கனம் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம், நம் தலைமுடி ஒன்றின் கனம்கூட வராது. ரோட்டுப் புழுதியில் கலந்திருக்கிற மணல் துகள் இந்தப் படலத்தைவிடக் கடினமானது. புழுதி சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறவரை ஒன்றும் செய்யாது, நாம் துணியை வைத்து இழுக்கும்போதுதான் கோடு விழுகிறது. நீங்கள் பார்க்கிற அந்த வலை அழுக்கால் வந்ததில்லை, சுத்தம் செய்ததால் வந்தது. எல்லா நிறத்திலும் இது விழும், கறுப்பில் பளிச்சென்று தெரியும், வெள்ளையில் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். வாரம் முழுக்கத் தூசியோடு நின்றாலும் பரவாயில்லை, காய்ந்த துணியோ அரைகுறையாக நனைந்த துணியோ மேலே படக்கூடாது.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். கார் ஷாம்பு ஒரு பாட்டில், இரண்டு பக்கெட், மைக்ரோஃபைபர் என்கிற நுண்ணிழைத் துணியில் செய்த கையுறை ஒன்று, துடைக்க நல்ல அடர்த்தியான மைக்ரோஃபைபர் டவல் இரண்டு, சக்கரத்துக்கென்று தனியாக ஒரு பழைய துணி. பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம், மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதன் தையல் ஓரத்தில் இருக்கிற முரட்டு நூல் போதும் கோடு போடுவதற்கு. பாத்திரம் விளக்கும் பவுடரிலும் பார் சோப்பிலும் தேய்ப்பதற்கென்றே நறநறவென்று துகள் சேர்த்திருப்பார்கள், அதைக் காரில் போடுவதும் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் ஒன்று. பாத்திரத்துக்கான லிக்விடில் அந்தத் துகள் இல்லைதான், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது என்பதால் பெயின்ட் மேல் போட்டிருக்கிற வாக்ஸையும், அதாவது மெழுகுப் பூச்சையும், சேர்த்துக் கழற்றிவிடும்.

காலை ஏழு மணிக்கு முன்னாலேயோ சாயந்திரம் வெயில் தாழ்ந்த பிறகோ நிழலில் நிறுத்துங்கள். பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறட்டும். சக்கரங்களை முதலில் முடித்துவிடுங்கள், பிரேக் தூள் படிந்த அந்தத் துணி அதற்கு மேல் எங்கேயும் போகக்கூடாது. அப்புறம் கூரையில் தொடங்கி மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். ஹோஸ் இல்லையென்றால் மக்கே போதும், ஆனால் நிதானமாக, புழுதி கரைந்து ஓடுகிறவரை. கழுவுவதில் பாதி வேலை இதுதான், ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் அவசரப்படுவதும் இங்கேதான். கரையாத மண் கட்டியாக ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள், ஊறட்டும், இன்னொரு முறை ஊற்றுங்கள்.

இரண்டு பக்கெட்டில் ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் முக்கி ஒரு பகுதியைக் கழுவியதும் நேராக மறுபடி ஷாம்பில் போடாமல் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு அப்புறம் ஷாம்பில் முக்குங்கள். முடித்த பிறகு அலசின பக்கெட்டின் அடியில் தடவிப் பாருங்கள், விரலில் மணல் நெருடும், அது அத்தனையும் பெயின்ட் மேல் ஓடியிருக்க வேண்டியது. கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும், இந்த வரிசையில் போங்கள். அழுத்தவே வேண்டாம், கையுறையின் கனமே போதும். வட்டம் வட்டமாகத் தேய்க்காமல் நீளவாக்கில் நேராக இழுங்கள். கையுறை கீழே விழுந்துவிட்டால் அலசிவிட்டு அப்படியே தொடரலாம் என்று நினைக்காதீர்கள், அன்றைக்கு அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு துணி எடுங்கள்.

போர் தண்ணீர் என்கிறீர்கள், அதனால் துவட்டுவதில்தான் உங்களுக்குக் கவனம் வேண்டும். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், சொட்டு காயும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு வெள்ளைப் புள்ளியாக அங்கேயே உட்கார்ந்துவிடும். வெயிலில் காய்ந்தால் அந்தப் புள்ளி கிளியர் கோட்டிலேயே பதிந்து அப்புறம் பாலிஷ் போட்டால்தான் போகும். ஆகவே ஷாம்பைக் காயவிடாமல் பகுதி பகுதியாக அலசிக்கொண்டே வாருங்கள், கடைசி அலசல் முடிந்த உடனே டவலை விரித்துப் படியவைத்து மெல்ல இழுத்து ஈரத்தை எடுங்கள். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரைக் காருக்கென்று பிடித்து வைக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் சாதாரணத் தண்ணீரைவிட உப்பு அதிகம். புழுதியைக் கரைக்க முதலில் ஊற்றிக்கொள்ளுங்கள், கடைசி அலசலுக்கு வேண்டாம். அதற்கு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அருமையானது, காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பே கிட்டத்தட்ட கிடையாது. ஒரு பக்கெட் சேர்த்து மெல்லிய துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால் போதும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதுவும் அப்படியே.

ஏற்கெனவே விழுந்த கோடுகளுக்கு இப்போது ஒன்றும் செய்யாதீர்கள். பாலிஷ் என்றால் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துச் சமன் செய்வது, ஒவ்வொரு முறையும் படலம் குறையும். இரண்டு மாத வண்டிக்கு அதைச் செலவழிக்க வேண்டாம். நல்ல வாக்ஸ் போட்டாலே மெல்லிய கோடுகள் பாதி மறையும்.

கேள்வி: புது காருக்கு ஆறு மாதம் வாக்ஸ் போடக்கூடாது, பெயின்ட் மூச்சு விட வேண்டும் என்கிறார் என் மாமா. ஷோரூமிலோ முதல் நாளே டெஃப்லான் கோட்டிங் போட்டுவிடுங்கள் மேடம் என்று விடாமல் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? வாக்ஸை நானே போட முடியுமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: மாமா சொல்வது ரிப்பேருக்குப் பிறகு பட்டறையில் பெயின்ட் அடித்த வண்டிக்குப் பொருந்தும். அந்தப் பெயின்ட் முழுசாக இறுக நாள் பிடிக்கும், அதற்கு ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டியதுதான். தொழிற்சாலையில் அடிக்கிற பெயின்ட்டை 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூளையில் வைத்து இறுக்கித்தான் வெளியே அனுப்புகிறார்கள், உங்கள் கைக்கு வரும்போது அது இறுகி முடிந்த பெயின்ட். முதல் வாரமே வாக்ஸ் போடலாம். டெஃப்லான் விஷயத்தில் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தோசைக்கல்லில் அது ஒட்டுவதற்கு 300 டிகிரிக்கும் மேலே சூடாக்க வேண்டும், ஷோரூம் கொட்டகையில் பஃப் மெஷினால் தேய்க்கும்போது அந்தச் சூடு எங்கிருந்து வரும்? நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு நல்ல பாலிஷும் வாக்ஸும்தான், வாக்ஸ் டப்பா அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும்.

டப்பா வாங்கும்போது எழுதியிருப்பதைப் படியுங்கள். பாலிஷ், காம்பவுண்ட், கிளீனர் வாக்ஸ் என்றிருந்தால் அதில் தேய்க்கும் துகள் இருக்கும், புது வண்டிக்குத் தேவையில்லை. வெறும் வாக்ஸாகப் பாருங்கள். கார்னௌபா என்று போட்டிருப்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு. அந்த வறண்ட பூமியில் மரம் தன் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஓலை மேல் பூசிக்கொள்வது அது, உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதனால்தான் வெயிலில் நிற்கிற காருக்கு ஆகிறது. நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதம் தாங்கினால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்ஸ் மாதிரியே பூசுகிற செயற்கை சீலன்ட் இன்னும் கொஞ்சம் கூட நாள் நிற்கும்.

நிச்சயமாக நீங்களே போடலாம். காரைக் கழுவித் துவட்டிய பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள், வெறும் விரலுக்குத் தெரியாத நெருடல் கவர் வழியாகத் தெரியும். வழவழவென்று இருந்தால் நேராக வாக்ஸுக்குப் போகலாம். நெருடினால் கிளே பார் என்று களிமண் கட்டி போல ஒன்று விற்கிறார்கள், ஷாம்பு தண்ணீர் தெளித்து வழுக்கலாக இருக்கும்போது மட்டும் அதை லேசாக ஓட்டினால் ஒட்டியிருக்கிற துகளை இழுத்துக்கொள்ளும். அது மண்ணில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவினாலும் மண் போகாது.

வாக்ஸ் போடும்போது ஒரு ரூபாய் நாணயம் அளவு எடுத்தால் ஒரு கதவுக்குத் தாராளம். நிழலில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பகுதி. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள், தடியாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடையாது, துடைத்து எடுப்பதற்குள் கை வலிதான் மிச்சம். கொஞ்ச நேரத்தில் பனி படர்ந்த மாதிரி மங்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், பிசுபிசுப்பு இல்லாமல் அடியில் பளபளப்புத் தெரிந்தால் எடுக்கலாம், தீற்றலாக வந்தால் இன்னும் பொறுங்கள். சுத்தமான மைக்ரோஃபைபரால் மெல்ல எடுத்துவிட்டு துணியைத் திருப்பி இன்னொரு முறை. பம்பரிலும் வைப்பருக்குக் கீழேயும் இருக்கிற சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், வெள்ளைத் திட்டாகப் பிடித்துக்கொண்டு லேசில் போகாது. முன் கண்ணாடியிலும் வேண்டாம், மழையில் வைப்பர் தடதடக்கும். மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட் அடித்த வண்டி என்றால் வாக்ஸ் பக்கமே போகக்கூடாது.

கேள்வி: கோயிலில் பூஜை போட்டு பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்தோம். துடைக்க மனசில்லாமல் ஒரு வாரம் விட்டுவிட்டோம், இப்போது கறை தெரிகிறது. வாசலில் தூங்குமூஞ்சி மரம் வேறு, காக்கை எச்சத்துக்குக் குறைவே இல்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: குங்குமத்தை வண்டிக்கு வைப்பதில் தவறே இல்லை, அடுத்த முறை முன் கண்ணாடியில் வையுங்கள், கண்ணாடி கறை பிடிக்காது. பெயின்ட்டில் வைத்தால் மறுநாள் எடுத்துவிட வேண்டும். நல்ல குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் சேர்ந்திருக்கும், மலிவான குங்குமத்தில் சாயம் இருக்கும், இரண்டும் வெயிலில் பல நாள் கிடந்தால் கறை விடும். இப்போது ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து ஷாம்பு போட்டுக் கழுவிப் பாருங்கள், மிச்சம் இருந்தால் மெல்லிய பாலிஷை அந்த இடத்தில் மட்டும் கையால் போடலாம். மாலை கட்டிய டேப்பின் பசை ஒட்டியிருந்தால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு எடுங்கள், பிளேடு வேண்டாம்.

எச்சத்தைப் பார்த்த அன்றே எடுத்துவிடுங்கள். அதில் அமிலம் இருக்கிறது, வெயிலில் கிளியர் கோட் இளகி, ராத்திரி குளிரில் சுருங்கும்போது அந்த வடிவத்திலேயே பள்ளம் விழுந்துவிடும். காய்ந்திருந்தால் சொட்டச் சொட்ட நனைத்த துணியை மேலே போட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அப்படியே அள்ளி எடுங்கள், தேய்க்கக் கூடாது. டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் எப்போதும் இருக்கட்டும். முடிந்தால் மரத்தடியை விட்டு வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: பெங்களூரு அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறோம். கார் கழுவத் தண்ணீர் தர மாட்டார்கள். என்ன வழி? (வாசகர், பெங்களூரு)

பதில்: 2024 மார்ச்சில் உங்கள் ஊரில் குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். திறந்துவிட்ட ஹோஸ் பத்து நிமிடத்தில் 100 லிட்டரைத் தாண்டிவிடும், ஒரு காருக்கு அவ்வளவு தேவையே இல்லை. ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு திரவம் கிடைக்கிறது, ஒரு பக்கெட் தண்ணீரில் மூடி அளவு கலந்து, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணியை அதில் ஊறப்போட்டு, ஒரு துணி ஒரு பகுதிக்கு மட்டும் என்று துடைத்து எடுத்துப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அழுக்கான துணி மறுபடி பக்கெட்டுக்குள் போகக்கூடாது. அலச வேண்டாம், துவட்டினால் போதும். லேசான தூசிக்கு இது நன்றாக வேலை செய்யும். சேறு அப்பிய வண்டிக்கு வேண்டாம், அன்றைக்கு வெளியே வாட்டர் வாஷுக்கே விட்டு, துணி போடாமல் தண்ணீர் மட்டும் அடித்துக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். சர்வீஸுக்கு விடும்போதும் வாஷ் வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லலாம், எழுதுவார்கள்.

கேள்வி: கழுவிய மறுநாள் சக்கரத்துக்கு உள்ளே தட்டு முழுக்கத் துரு. புது வண்டி சார், ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை அம்மா, பயப்படாதீர்கள். அது பிரேக் டிஸ்க், வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் மேலாகத் துரு படரும், நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். கழுவி முடித்ததும் தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி விட்டால் ஈரம் காய்ந்துவிடும், அப்புறம் நிறுத்துங்கள். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தினால் பிரேக் பிடித்துக்கொள்ளும், அதை மட்டும் தவிருங்கள்.