பழைய பத்து சிடி பெட்டி இருக்க, புதிய நான்கு ஆல்பம் பெட்டி எதற்கு?

கேள்வி: கனடியப் பாடகி ஜோனி மிட்செலின் பத்து ஸ்டுடியோ ஆல்பங்கள் அடங்கிய 2012 சிடி பாக்ஸ் செட் என்னிடம் இருக்கிறது. இப்போது வீட்டில் ஒரு டர்ன்டேபிளும் வாங்கியிருக்கிறோம். முதல் நான்கு ஆல்பங்களை மட்டும் சேர்த்து வந்த ‘த ரீப்ரைஸ் ஆல்பம்ஸ்’ செட்டை வாங்கலாமா? ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு கொடுப்பதாக ஆகிவிடுமோ? சிடி நல்லதா, எல்.பி. (வினைல் இசைத்தட்டு) நல்லதா?

பதில்: மூன்று ஆல்பங்களைப் பொறுத்தவரை உங்கள் சந்தேகம் சரி. கிட்டத்தட்ட ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசுதான். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அப்படி இல்லை. அது எல்லோரும் கொண்டாடும் 1971-இன் ‘புளூ’ அல்ல. 1968-இல் வந்த முதல் ஆல்பமான ‘சாங் டு எ சீகல்’. வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு தட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதைத் தயாரித்தவர் பாடகர் டேவிட் கிராஸ்பி. டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிட்டார் என்று போட்டு நிரப்பாமல், ஜோனியின் குரலும் கிட்டாரும் இருந்தால் போதும் என்று பார்த்துக்கொண்டார். அதற்கு நாம் நன்றி சொல்லலாம். கூடவே இன்னொரு காரியமும் செய்தார். பெரிய பியானோவின் கம்பிகளைப் பார்த்து ஜோனியைப் பாடச் சொன்னார். பக்கத்தில் வீணை இருந்தால் நாம் பாடும்போது அதன் தந்தி தானாக முனகுமே, அதே கணக்கு. அந்த முனகலையும் டேப்பில் பிடிக்கப் பார்த்தார்கள். வந்து சேர்ந்தது ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல். அதை வடிகட்டப் போய், குரலிலும் கிட்டாரிலும் இருந்த பளிச்சும் சேர்ந்து போய்விட்டது. கம்பளிக்கு அடியிலிருந்து யாரோ பாடுவது போல இருக்கும் அந்தப் பழைய தட்டு. குரலையும் வாத்தியங்களையும் சேர்த்த அந்தக் கலவை (மிக்ஸ்) ஜோனிக்கும் பிடிக்கவே இல்லை. 2021-இல் இந்தப் பெட்டி வந்தபோது, மாட் லீ என்ற ஒலிப்பொறியாளருடன் சேர்ந்து அவரே மறுபடி கலந்தார்.

இந்த இடத்தில் ரீமிக்ஸ், ரீமாஸ்டர் என்ற இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்ட போட்டோவைத் துடைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்வது ரீமாஸ்டர். நெகட்டிவையே வெளியே எடுத்துப் புதிதாகப் பிரிண்ட் போடுவது ரீமிக்ஸ். முதல் ஆல்பத்துக்கு நடந்தது இரண்டாவது. ‘கிளவுட்ஸ்’ (1969), ‘லேடீஸ் ஆஃப் த கேன்யன்’ (1970), ‘புளூ’ மூன்றுக்கும் நடந்தது முதலாவது. செய்தவர் பெர்னி கிரண்ட்மன், இந்தத் தொழிலில் பெரிய கை. ஆனால் அந்த மூன்றையும் ஒலிப்பொறியாளர் ஹென்றி லூயி ஆரம்பத்திலேயே நன்றாகப் பதிவு செய்திருந்தார். திருத்துவதற்கு அதிகம் இல்லை. உங்கள் 2012 பெட்டியில் அவை கேட்கத் தக்கதாகவே இருக்கின்றன. முதல் ஆல்பம் மட்டும் அதில் பழைய கலவைதான்.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையிலிருந்து விலகிய ஜோனியின் பாட்டுகள் 2024 மார்ச்சில் திரும்பி வந்துவிட்டன. அங்கே முதல் ஆல்பத்தின் 2021 பதிப்பைத் தேடி, ஹெட்போன் போட்டு ‘காக்டஸ் ட்ரீ’ கேளுங்கள். உடனே உங்கள் சிடியில் அதே பாட்டைப் போடுங்கள். சத்தத்தை இரண்டுக்கும் ஒரே அளவில் வையுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதையே ‘நன்றாக இருக்கிறது’ என்று காது நம்பிவிடும். கிட்டார் கம்பியில் விரல் படுவதில் வித்தியாசம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் சந்தோஷம், காசு மிச்சம்.

தெரிந்தால், அப்புறம் பெயரில் கவனம் வேண்டும். ‘த ரீப்ரைஸ் ஆல்பம்ஸ் (1968–1971)’ நீங்கள் கேட்கும் நான்கு ஆல்பம் பெட்டி. அதே 2021-இல், ‘ஆர்க்கைவ்ஸ் வால்யூம் 2: த ரீப்ரைஸ் இயர்ஸ் (1968–1971)’ என்று இன்னொன்றும் வந்தது. நிறுவனம் ஒன்று, ஆண்டுக் கணக்கும் ஒன்று, சரக்கு மட்டும் வேறு. இரண்டாவதில் ஐந்து சிடி முழுக்க வெளிவராத டெமோக்களும் மேடைப் பதிவுகளும்தான், ஆல்பங்கள் இல்லை. என் நண்பர் ஒருவர் ‘புளூ’ இருக்கும் என்று நினைத்து அதை வாங்கிவிட்டு, ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். பிறகு 1968-இல் ஒட்டாவாவின் ஒரு காபிக் கடையில் ஜோனி பாடியதை மேடையோரம் உட்கார்ந்து பதிவு செய்தவர் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்றும், அந்தப் பதிவு இதில்தான் இருக்கிறது என்றும் தெரிந்ததும் சமாதானமானார். இந்த நான்கு ஆல்பமும் ஏற்கெனவே வைத்திருக்கும் உங்களுக்கு, அந்தத் தவறான பெட்டியே சரியான பெட்டியாகவும் அமையலாம். யோசித்துப் பாருங்கள்.

பழைய தட்டுக் கடைகளில் முதல் ஆல்பம் ‘ஜோனி மிட்செல்’ என்ற வேறு பெயரிலும் கிடைக்கும். அட்டையில் பறவைகளால் எழுதிய தலைப்பு அச்சில் ஓரமாக வெட்டுப்பட்டுப் போனதால் வந்த குழப்பம் அது. இரண்டும் ஒன்றே. பழைய அச்சு என்றால் பழைய கலவை என்பது நினைவிருக்கட்டும்.

சிடியா, எல்.பி.யா? இந்தப் பெட்டியின் எல்.பி. பதிப்பு 10,000 மட்டுமே அச்சானது. இரண்டாம் கை விலை சொல்பவர் வாய்க்கு வந்ததுதான். எல்.பி.க்கு ஒரு நியாயம் உண்டு: முதல் ஆல்பத்தின் ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் கடற்கரை என்று ஜோனி பிரித்துப் பெயரே வைத்திருக்கிறார். தட்டை எழுந்துபோய்த் திருப்பும்போது அந்தப் பிரிவு புரியும். சிடியில் அது கரைந்துவிடும். ஆனாலும் உங்களிடம் சிடி பிளேயர் இருக்கும்போது, நான்கு சிடி பதிப்பைத்தான் முதலில் சொல்வேன். அதே ரீமிக்ஸ் அதிலும் இருக்கிறது.

எல்.பி.தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால், திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள். வந்தவுடன் ‘புளூ’ தட்டைப் போடுங்கள். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டும் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டும் வெறும் பியானோவும் குரலும். தட்டின் நடு ஓட்டை கொஞ்சம் விலகியிருந்தாலும் பியானோவின் நீண்ட சுரம் ஆடும். கிட்டாரில் அது அவ்வளவாகத் தெரியாது. தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக முள் திணறுவதும் அந்தக் கடைசிப் பாட்டுகளில்தான் கேட்கும். அப்படிக் கேட்டால், உடனே முடிவு கட்டாமல் மற்ற மூன்று தட்டுகளின் உள்வட்டப் பாட்டுகளையும் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் குரல் கரகரத்தால் தட்டைக் குறை சொல்லாதீர்கள், முள்ளைச் சரியாகப் பொருத்துங்கள். ஒன்றில் மட்டும் என்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம்.