இருபது நிமிடம் முந்தி ஓடும் மணிக்கூடு

வணக்கம் ஐயா,

அப்பாவின் சீக்கோ 5 கைமணிக்கூடு இப்போது என்னிடம் இருக்கிறது. பின்மூடியில் 7009 என்றும், அதற்குப் பக்கத்தில் 84 இல் தொடங்கும் ஓர் எண்ணும் இருக்கின்றன. 2009 தையில் இடம்பெயரும்போது அப்பா அதைப் பொலித்தீனில் சுற்றி, பால்மா ரின்னுக்குள் வைத்து வளவில் புதைத்தார். 2010 இல் திரும்பி வந்து தோண்டி எடுத்தோம். டயலில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. ஆட்டிவிட்டால் ஓடுகிறது, ஆனால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் முந்துகிறது. டயலுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்து, கேஸையும் பொலிஷ் பண்ணித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இணையத்தில் பச்சை டயலுடன் இன்னொரு சீக்கோ 5 மலிவாகக் கிடக்கிறது, வாங்கலாமா? ஸ்மார்ட் வோட்ச் கட்டும் தம்பி, “போனில் நேரம் இருக்கும்போது இது என்னத்துக்கு?” என்று கேட்கிறான்.

— ஒரு வாசகர், விசுவமடு

அன்பின் நண்பருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். டயலில் ஒருவரையும் கை வைக்க விடாதீர்கள். அந்தப் பழுப்புப் புள்ளிகள் ஈரம் பட்டு வந்தவை. துடைத்தால் புள்ளி போகாது, மேலே அச்சிட்ட எழுத்துத்தான் போகும். பெயின்ற் அடித்தால் தொழிற்சாலை அச்சு நிரந்தரமாக அழியும். கேஸும் அப்படியே. பொலிஷ் சில்லில் பிடித்தால் கூரான விளிம்புகள் உருண்டுவிடும். தேய்ந்த இரும்பைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த மெல்லிய பல்துலக்கியால் செயினையும் கேஸின் மூலைகளையும் தேய்த்தால் போதும். அதையும் செயினைக் கழற்றி வைத்துச் செய்யுங்கள். பின்மூடிக்குள் இருக்கும் நாற்பது வருடப் பழைய றப்பர் வளையத்தை நம்பித் தண்ணீருக்குள் விடக்கூடாது.

84 என்றால் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஆகவே 1978 சித்திரை அல்லது 1988 சித்திரை என்று படிக்கலாம். 7009 இயந்திரம் இரண்டு காலத்திலும் வந்தது. எப்போது வாங்கியது என்று வீட்டில் கேளுங்கள், விடை அங்கேதான் கிடைக்கும்.

இனி அந்த இருபது நிமிடம். நாளுக்கு அரை நிமிடம் முன்பின் போனால் இந்த வயது மணிக்கூட்டுக்கு அது குறையே இல்லை. இருபது நிமிடம் என்பது வேறு சங்கதி. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பலன்ஸ் சில்லின் நடுவில் ஹெயர் ஸ்பிரிங் இருக்கிறது. தலைமயிரிலும் மெல்லிய உலோகச் சுருள் அது. ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும், சில்லு ஆடும்போது சுருள் முழுவதும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்க வேண்டும். இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் சுருளின் நீளம் குறைந்ததாகிவிடும். நீளம் குறைந்தால் ஆட்டம் வேகமாகும். செக்கனுக்கு ஆறு தட்டு, மணித்தியாலத்துக்கு 21,600 தட்டுத் தட்ட வேண்டிய இயந்திரம் அப்போது கூடுதலாகத் தட்டும்.

ஒட்டுவதற்கு இரண்டு காரணங்களே பெரும்பாலும் உண்டு: காந்தம், அல்லது எண்ணெய்.

காந்தத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சாதாரணத் திசைகாட்டியை மேசையில் வைத்து, மணிக்கூட்டை அதன் பக்கத்தில் கொண்டுபோய் மெல்லத் திருப்புங்கள். திருப்பத் திருப்பத் திசைகாட்டி முள்ளும் கூடவே வந்தால், அல்லது நடுங்கினால், காந்தம் ஏறியிருக்கிறது. எங்கேயிருந்து ஏறும்? போன் உறையின் மூடியில் இருக்கும் காந்தம், ஸ்பீக்கர், அதோடு தம்பியின் ஸ்மார்ட் வோட்ச் சார்ஜர். அந்த வட்டத் தட்டு மணிக்கூட்டைப் பிடித்துக்கொள்வதே காந்தத்தால்தான். இரண்டையும் இரவில் ஒரே மேசையில் ஒட்ட வைத்தால் பழைய மணிக்கூடு விடியும்போது முந்தியிருக்கும். ஒரு சாண் இடைவெளி விட்டாலே போதும், காந்தத்தின் பலம் தூரத்தோடு வேகமாகக் குறையும்.

காந்தம் எடுக்கும் பெட்டி பழைய திருத்துநர்களிடம் இருக்கும். 230 வோல்ற்றில் வேலை செய்யும் சுருள் அது. ஒன்றைக் கவனியுங்கள். சுவிச்சை அழுத்தியபடியே மணிக்கூட்டைச் சுருளிலிருந்து மெல்ல விலக்கி, ஒரு முழ தூரம் வந்த பிறகுதான் சுவிச்சை விட வேண்டும். உள்ளே இருக்கும்போதே விட்டால் மின் அலை எந்த இடத்தில் நின்றதோ அந்தக் காந்தம் அப்படியே தங்கிவிடும். “எடுத்தும் சரிவரவில்லை” என்று சொல்லப்படும் மணிக்கூடுகளில் பலவற்றுக்கு நடந்தது இதுதான்.

திசைகாட்டி அசையாவிட்டால் எண்ணெய்தான். உங்கள் மணிக்கூடு ஒரு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது, அதற்கு முன்னும் எத்தனையோ வருடம் ஓடியிருக்கிறது. பழைய எண்ணெய் பரவிச் சுருளில் படிந்திருக்கலாம். அல்லது எப்போதோ ஒருவர் பின்மூடியைத் திறந்து தையல் மெசின் எண்ணெயில் இரண்டு துளி விட்டிருக்கலாம். இப்படிச் செய்வதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். மணிக்கூட்டுக்கு எண்ணெய் தேவைப்படுவது அச்சு முனை சிறு மாணிக்கக் கல்லில் சுழலும் இடங்களில் மட்டும். அங்கேயும் கல்லின் குழியில் பாதிக்கு மேல் போகக்கூடாது. பலன்ஸ் சில்லைத் தட்டிவிடும் அந்தக் கவையின் அச்சுக்கு எண்ணெயே விடுவதில்லை. கூடினால் எண்ணெய் கல்லில் நிற்காமல் ஊர்ந்து வெளியேறும், கல் காயும், சுருள் நனையும்.

ஆகவே முழுச் சேவிஸ் கேளுங்கள். “கழுவித் தருகிறேன்” என்பவரிடம் மூன்று கேள்வி கேட்டால் ஆள் தெரிந்துவிடும். எல்லாப் பகுதியையும் தனித்தனியாகக் கழற்றுவாரா, அல்லது இயந்திரத்தை முழுசாகப் பெற்றோலில் முக்குவாரா? முக்கினால் அழுக்குக் கரைந்து கல்லுக்குள்ளேதான் போய் நிற்கும். மணிக்கூட்டை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கை, அது சுருண்டிருக்கும் பீப்பாவிலிருந்து வெளியே எடுப்பாரா? பீப்பாவின் உட்சுவருக்கு என்ன கிறீஸ் பூசுவார்? மூன்றாவது கேள்வி முக்கியமானது. கையசைவில் சாவி ஏறும் மணிக்கூட்டில் மெயின் ஸ்பிரிங்கின் வெளி முனை கொளுவப்பட்டிருப்பதில்லை. நிறைந்ததும் அது சுவரில் வழுக்க வேண்டும். அதற்கென்று தனிக் கிறீஸ் உண்டு. வழுக்கல் கூடினால் சாவி முழுதாக ஏறாது, இரவில் கழற்றி வைத்தால் விடியுமுன் நின்றுவிடும். பிடிப்புக் கூடினால் பலன்ஸ் சில்லு அளவுக்கு மீறி ஆடி மறுபக்கத்தில் முட்டும், அப்போதும் மணிக்கூடு தறிகெட்டு முந்தும்.

திருத்துபவர் பலன்ஸ் சில்லின் மேலுள்ள சிறு நெம்பைத் தள்ளி இருபது நிமிடத்தைச் சரிப்படுத்தப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். அது செக்கன் கணக்கைத் திருத்துவதற்கு. சீக்கோவில் அருகருகே இரண்டு நெம்புகள் இருக்கும். ஒன்று வேகத்துக்கு, மற்றது சுருளின் வெளி முனையைப் பிடித்திருப்பது. இரண்டாவதைத் தள்ளிவிட்டால் டிக்கும் டக்கும் சம இடைவெளியில் வராது, நொண்டும். காதில் வைத்தாலே கேட்கும்.

பின்மூடியை நீங்களே திறக்க நினைக்க வேண்டாம். கவராயக் கூரால் நெம்பி வழுக்கிய கீறல் எத்தனை பழைய மணிக்கூடுகளில் இருக்கிறது பாருங்கள். திறக்கும் நாளில் றப்பர் வளையத்தை மாற்றி, சிலிக்கோன் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். பழைய வளையம் காய்ந்து வெடித்திருக்கும். புதிது போட்டாலும் வியர்வைக்கும் மழைத் தூறலுக்கும் மட்டும் நம்புங்கள். குளத்தில் முழுகவோ, முல்லைத்தீவுக் கடலில் இறங்கவோ கட்டாதீர்கள். கண்ணாடிக்குள் ஆவி பிடித்தால் அரிசிக்குள் வைத்துவிட்டு இருக்க வேண்டாம், அன்றைக்கே திறந்து உலர்த்த வேண்டும். சாவித் தண்டில்தான் துரு முதலில் தொடங்கும். இரணைமடுப் பக்கத்துச் செம்மண் புழுதியும் அந்தத் தண்டு வழியாகவே உள்ளே போகப் பார்க்கும். வயலில் சூடடிக்கும் நாளில் இதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு காசியோ கட்டுவது நல்லது. 1989 இல் வந்த எஃப்-91டபிள்யூ இன்றைக்கும் கிடைக்கிறது, பற்றரி ஏழு வருடம் போகும்.

பச்சை டயல் சீக்கோவை வாங்காதீர்கள். மலிவு விலையில் செம்மஞ்சள், பச்சை, ஊதா என்று பளிச்சிடும் பழைய சீக்கோ 5 பெரும்பாலும் இந்தியாவில் பெயின்ற் அடித்துப் பல மணிக்கூடுகளின் பாகங்களைக் கூட்டிப் பொருத்தியவை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். திகதிச் சாளரத்தின் விளிம்பில் பெயின்ற் தடித்திருக்கும், சீக்கோ என்ற எழுத்து வீங்கியிருக்கும். டயலின் அடியில் ஆறு மணிக்குக் கீழே நுணுக்கமாக ஓர் இலக்கம் உண்டு. அதன் முதல் நான்கு எண்ணும் பின்மூடியின் முதல் நான்கு எண்ணும் பொருந்த வேண்டும். அந்த இலக்கமே இல்லாவிட்டால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மணிக்கூடு வேண்டுமானால் சாவி கொடுக்கும் எச்.எம்.ரி. ஒன்றைத் தேடுங்கள். ஜப்பானின் சிற்றிசன் துணையுடன் 1961 இல் பெங்களூரில் தொடங்கியது. அதன் 17 கல் ஜனதா மொடல் உள்ளே எளிமையானது, திருத்துவதும் சுலபம். கண்ணாடி அக்கிறிலிக் என்பதால் கீறலைப் பற்பசை வைத்துத் தேய்த்தே எடுக்கலாம். சீக்கோவின் கண்ணாடியில் பற்பசை வேலை செய்யாது, மாற்றத்தான் வேண்டும். 1960க்கு முந்திய, முள்ளில் மஞ்சள் பூச்சுள்ள மணிக்கூடு கிடைத்தால் திறந்து சுரண்டாதீர்கள். அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு 1,600 வருடத்தில்தான் பாதியாகும்.

தம்பிக்கு என்ன சொல்வது? இதயத் துடிப்பும் நடந்த தூரமும் அவனுடைய வோட்ச் சொல்லும், அப்பாவின் மணிக்கூடு சொல்லாது. கட்டட்டும். ஆனால் அதன் உயிர் பசை போட்டு ஒட்டிய பற்றரியில் இருக்கிறது. பற்றரி வன்னிக்குள் வரத் தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில் குவாட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நிற்க, கையசைவில் ஓடியவை ஓடின. 1996 இல் அரசு நாட்டின் நேரத்தை மாற்றியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகும் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்கள் சாவியை இழுத்து அரை மணித்தியாலம் திருப்பினார்கள். 2006 சித்திரையில்தான் இரண்டும் ஒன்றாயின. அப்பாவின் மணிக்கூடு எந்த நேரத்தில் ஓடியது என்று தம்பியே வீட்டில் கேட்கட்டும்.

சேவிஸ் முடிந்து வந்ததும்: 7009 க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. தட்டையாகப் பிடித்து அரை நிமிடம் பக்கவாட்டில் ஆட்டி ஓடவிட்டு, பகல் முழுக்கக் கட்டுங்கள். நிறைந்தால் ஏறத்தாழ 40 மணித்தியாலம் ஓடும். இரவு ஒன்பதுக்கும் விடிய நாலுக்கும் இடையில் திகதியை மாற்ற வேண்டாம். அந்நேரம் திகதிச் சில்லை நகர்த்தும் விரல் பல்லில் மாட்டியிருக்கும், அவசரப்படுத்தினால் பல் உடையும். முள்ளை ஆறுக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

பிறகு ஒரு கொப்பி எடுங்கள். ஒவ்வொரு நாள் இரவும் ஒரே நேரத்தில் போனைப் பார்த்து எத்தனை செக்கன் முந்தியது, பிந்தியது என்று எழுதுங்கள். முதல் வாரம் டயல் மேலே பார்க்க வைத்துத் தூங்குங்கள், அடுத்த வாரம் சாவி மேலே பார்க்கச் சரித்து வையுங்கள். இரண்டுக்கும் கணக்கு வேறாக வரும். பகலில் முந்துவதை இரவில் பிந்த வைக்கும் கிடை எதுவென்று கண்டுபிடித்துவிட்டால், திருத்துபவரிடம் திரும்பப் போகாமலே பெரும்பகுதியைச் சமன் செய்யலாம். இரண்டு வாரக் கணக்கையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.